கிழக்குத் துண்டு

கீழமருதூர்
20.2.1997

அன்புள்ள அண்ணனுக்கு,

மலர் எழுதுகிறேன். அப்பா, அம்மா, நான் மூவரும் நலம் என்று தொடங்க வேண்டும். இந்த முறை அப்படித் தொடங்க முடியவில்லை.

தை கடைசியில் எண்ணெய்க் கம்பெனிக் குழாய் வெடித்துவிட்டது. வாய்க்காலுக்குக் கீழே மண்ணுக்குள் போகிறதே, அதுதான். விடிந்து போய்ப் பார்த்தால் வைத்தியலிங்கம் வயலிலும் அதை ஒட்டிய நம் மூன்று மா நிலத்திலும் கறுப்பாக நிற்கிறது. கதிர் முற்றி, அறுப்புக்கு ஆள் சொல்லி வைத்திருந்த பயிர். தாள் எண்ணெயில் ஊறிக் கிடக்கிறது. அதன் மேல் வெயில் பட்டால் மயில் கழுத்து நிறம் தெரிகிறது. தெருப் பிள்ளைகள் வேடிக்கை பார்க்கப் போகிறார்கள்.

கம்பெனியிலிருந்து ஜீப்பில் ஒரு ஆபீசர் வந்தார். வைத்தியலிங்கம் வயலில் பொக்லைன் இறக்கி மேல்மண்ணை வழித்து எடுத்தார்கள். ஆற்று வண்டல் கொண்டுவந்து நிரப்பினார்கள். வழித்த மண்ணை எங்கே கொட்டினார்கள் தெரியுமா? நம் தெரு இடுகாட்டில். ஊரில் வேறு இடமே இல்லையாம்.

அப்பா அவரிடம் போய், "எங்க வயலுக்கு எப்பங்கய்யா மிஷின் வரும்?" என்று கேட்டார்.

"ஒங்களுது லேசாத்தான் பட்டிருக்கு பெரியவரே. தானா சரியாயிடும். பயிருக்கு நஷ்டஈடு வந்துடும்ல, அப்பறம் என்ன?"

ஒரே குழாய், ஒரே எண்ணெய். நடுவில் ஒரு வரப்பு. அந்தப் பக்கம் அதிகம், இந்தப் பக்கம் லேசு. அண்ணா, நீதான் எண்ணெய் பட்ட மண்ணைப் பற்றி ஆராய்ச்சி செய்யப் போயிருக்கிறாய். வரப்பு எண்ணெயைத் தடுக்குமா என்று உன் பேராசிரியரிடம் கேட்டுச் சொல்.

வைத்தியலிங்கம் ஆள் அனுப்பிவிட்டார். "அந்த மண்ணுல இனிமே கோரைகூட மொளைக்காது, நமக்கே குடுத்துடச் சொல்லு" என்கிறாராம். வரும் சம்பா விளையாவிட்டால் நிலத்தை விற்றுவிட்டு அப்பா அவர் களத்துக்கே கூலிக்குப் போகவேண்டியதுதான். வைத்தியலிங்கத்தின் அப்பாவிடம் பண்ணையாளாக இருந்த நம் அப்பாவுக்குப் பட்டாவோடு கிடைத்த நிலம் இது. அவர் தினமும் போய் வரப்பில் நின்றுவிட்டு வருகிறார். வயலில் இறங்குவதில்லை.

ஏதாவது வழி இருந்தால் உடனே எழுது.

அன்புத் தங்கை,
மலர்க்கொடி


லைப்சிக், ஜெர்மனி
8.3.1997

அன்புள்ள மலர்,

கடிதம் கிடைத்தது. பயப்படாதே. மண் செத்துப்போகவில்லை.

எண்ணெயைத் தின்னும் பாக்டீரியா எல்லா மண்ணிலும் இருக்கிறது. நம் வயலிலும் இருக்கும். இப்போது அதற்குத் தின்னக் குறைவில்லை, ஆனாலும் பெருக முடியாது. எண்ணெய் முழுக்கக் கரிமம். வெறுஞ்சோறு மாதிரி என்று வைத்துக்கொள். வெறுஞ்சோற்றை எவ்வளவு போட்டாலும் உடம்பு தேறாது இல்லையா? உடம்பு கட்ட அதற்கு நைட்ரஜன் வேண்டும், பாஸ்பரஸ் வேண்டும். மண்ணில் இருக்கும் கொஞ்சத்தையும் அது எடுத்துக்கொண்டுவிடும். எண்ணெய் பட்ட இடத்தில் புல்கூட மஞ்சளாக நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆகவே இப்படிச் செய். நின்ற பயிரை வெட்டி அப்புறப்படுத்து. தேங்கியிருப்பதை வடித்துவிடு. வாரம் ஒரு உழவு போடு, காற்று உள்ளே போக வேண்டும். மண் ஈரமாக இருக்கட்டும், தண்ணீர் மட்டும் நிற்கக் கூடாது. யூரியாவும் சூப்பர் பாஸ்பேட்டும் போடு, ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக, பல தடவையாக. ஒரேயடியாகக் கொட்டினால் அந்தக் காரத்திலேயே பாக்டீரியா செத்துவிடும்.

இனி என் பங்குக்கு ஓர் உதவி. கிழக்கு வரப்பை ஒட்டி வயலில் கால் பங்கை விட்டுவிடு. மற்ற இடம் மாதிரியே உழு, ஈரம் காட்டு. உரம் மட்டும் போடாதே. ஒரு பிடிகூட. ஒப்பிட்டுப் பார்க்க அப்படி ஒரு துண்டு இல்லாவிட்டால், எண்ணெய் குறைந்தது உரத்தாலா, வெயிலாலா என்று யாராலும் சொல்ல முடியாது. நான் இங்கே சட்டியில் மண் வைத்துச் செய்வதை நம் வயலே செய்து காட்டப்போகிறது. பேராசிரியரிடம் சொன்னேன். நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

திருவாரூர் ஜாய்ஸ் அக்கா, இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாரே, ஏப்ரலில் லீவில் வருகிறார். இரண்டு டப்பாவில் மண் கொடுத்துவிடு. உரம் போட்டது ஒன்று, போடாதது ஒன்று. எது எது என்று எழுதி ஒட்டு.

இங்கே குளிர் குறையவில்லை. ஆனாலும் எனக்குப் பிடித்திருக்கிறது. பெயரைச் சொன்னால் அடுத்த கேள்வியாக எந்தத் தெரு என்று யாரும் கேட்பதில்லை. உதவித்தொகை அடுத்த வருஷத்தோடு முடிகிறது. அதற்குள் கட்டுரை வந்தால் இங்கேயே தொடரலாம்.

அப்பாவிடம் கிழக்குத் துண்டைப் பற்றி விவரமாகச் சொல்ல வேண்டாம். புரியாது.

அன்புடன்,
செழியன்


கீழமருதூர்
26.4.1997

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ சொன்னபடி எல்லாம் நடக்கிறது. உரம் வாங்க ஹாஜா மைதீன் பாய் கடைக்கு நான்தான் போனேன்.

"பயிரே இல்லாத வயலுக்கு எதுக்கும்மா யூரியா?"

"பாக்டீரியாவுக்கு பாய்."

"அது என்ன, புது ரகமா? எத்தன நாள் பயிரு?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அன்று சாயங்காலமே தெரு முழுக்கப் பரவிவிட்டது. "ஐயாவு மவ எண்ணெய்க்கு ஒரம் வெக்கிறா, ஆடியில டீசல் அறுப்பா" என்கிறார்கள். அம்மா அவர்களோடு சண்டைக்குப் போகிறாள். எனக்கும் முதலில் நம்பிக்கை இல்லை. இப்போது உழும்போது மண் பொலபொலவென்று உதிர்கிறது. முன்பு தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக உருண்டு ஓடும், இப்போது உள்ளே இறங்குகிறது. ஒரு பிடி மண்ணைத் தம்ளரில் போட்டுக் கலக்கினால் மேலே மிதக்கும் படலம் மெலிந்திருக்கிறது. கிழக்குத் துண்டு மட்டும் அப்படியே கிடக்கிறது. அங்கே உழுதால் கலப்பையில் தார் மாதிரி ஒட்டுகிறது.

நீ சொல்ல வேண்டாம் என்றாய். அப்பா கண் சும்மா இருக்குமா?

"ஏம் புள்ள, அந்த ஓரத்துக்கு மட்டும் ஏன் போடல?"

"அண்ணன் அப்படித்தாம்ப்பா செய்யச் சொல்லிருக்கு."

"மருந்து பத்தலையா? வேணும்னா இன்னொரு மூட்டை சொல்லி எடுப்போம்."

"இல்லப்பா. இதுதான் முறையாம்."

"மூணு புள்ளைக்குச் சோத்தைப் போட்டுட்டு நாலாவதை ஓரமா ஒக்கார வெக்கிறதா மொறை?" என்றார். உனக்குப் புரியாமல் போகும் அளவுக்கு அவர் ஒன்றும் கடினமாகப் பேசவில்லை.

ஜாய்ஸ் அக்கா வீட்டுக்குப் போய் டப்பாக்களைக் கொடுத்தேன். பால்பவுடர் டப்பா, நன்றாகக் கழுவிக் காயவைத்தது. "ஏர்போர்ட்ல கேட்டா என்னடி சொல்றது?" என்றார். பிறந்த மண் என்று சொல்லச் சொன்னேன். "மூக்குல ஏறுதே ஒம் பொறந்த மண்ணு" என்று டப்பாவைச் சேலைக்குள் சுற்றி வைத்துக்கொண்டார்.

இடுகாட்டு மேட்டைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை. தெருவில் எல்லோரும் கையெழுத்துப் போட்டுத் தாலுகா ஆபீசில் மனு கொடுத்திருக்கிறோம். மண்ணை அள்ளச் சொல்லி. பார்க்கலாம் என்றார்கள்.

மலர்க்கொடி


லைப்சிக்
2.6.1997

அன்புள்ள மலர்,

மண் பத்திரமாக வந்தது. நீ ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்து இங்கே எல்லோரும் பாராட்டினார்கள்.

முடிவு வந்துவிட்டது. உரம் போட்ட மண்ணில் எண்ணெய் ஏறக்குறையப் பாதி போயிருக்கிறது. கிழக்குத் துண்டில் கிட்டத்தட்ட ஒன்றுமே குறையவில்லை. இவ்வளவு தெளிவான வித்தியாசத்தை நான் சட்டியில்கூடப் பார்த்ததில்லை. உரம் இல்லாமல் அந்த மண் தானாகச் சரியாக வருஷக்கணக்காகும்.

இனிதான் முக்கியம். ஒரே ஒரு தடவை எடுத்த மண் போதாது. ஜாய்ஸ் அக்காவுக்குத் தெரிந்தவர் ஒருவர் அக்டோபரில் வருவார், மறுபடி ஒருவர் பொங்கலுக்கு. இரண்டு முறையும் மண் வேண்டும். அதுவரை கிழக்குத் துண்டை அப்படியே வைத்திரு. சம்பாவை மற்ற இடத்தில் நடுங்கள், அங்கே நட வேண்டாம். நட்டால் அப்பா பழக்கத்தில் எதையாவது போட்டுவிடுவார். எரு, சாம்பல், தழை எதுவும் அதற்குள் விழக் கூடாது. என் கட்டுரையே அந்தத் துண்டுதான்.

வேறு விசேஷம் இல்லை. சைக்கிள் வாங்கியிருக்கிறேன்.

அன்புடன்,
செழியன்


கீழமருதூர்
28.6.1997

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதத்தை அப்பாவுக்கு முழுவதும் படித்துக் காட்டினேன். ஒரு வரி விடவில்லை. படித்து முடித்ததும் பீடியை அணைத்துவிட்டுக் கேட்டார்.

"அப்ப ஒரம் போட்டா சரியாவும்னு அவனுக்குத் தெரிஞ்சு போச்சு."

"தெரிஞ்சு போச்சுப்பா."

"போடலன்னா ஆவாதுன்னும் தெரியுது."

"ஆமாம்ப்பா."

"தெரிஞ்சும் தை வரைக்கும் போட வேணாங்கறான்."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "சரி, அவன் படிப்பு அவனுக்கு. சாமிதுரை கோனார் பட்டியோட வந்திருக்காராம். ஆத்துல தண்ணி வர்றதுக்குள்ள கூட்டிட்டு வந்துரு" என்றார்.

சாமிதுரையை உனக்கு நினைவிருக்கும். ராமநாதபுரத்திலிருந்து கோடை தவறாமல் ஆடு ஓட்டி வந்து, அறுத்த வயல்களில் கிடை போடுகிறவர். ராத்திரி முழுக்க ஆடு படுத்து எழுந்தால் புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு உரம். அவர் வயலில் இறங்கி மண்ணை முகர்ந்து பார்த்தார். "முக்காவாசிக்குப் பழுதில்ல. அந்தக் கெழக்குக் கோடியில ஆடு படுக்காதே ஐயாவு" என்றார்.

"நீ பட்டியை அங்க அடி. படுக்க வெக்கிறது எம் பொறுப்பு."

கிழக்குத் துண்டில் வலை கட்டி உள்ளே விட்டால் ஆடுகள் மேற்கு வலையோரம் போய் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன. மண் வாடை. ஒன்றுகூடப் படுக்கவில்லை. அப்பா நம் வீட்டு வைக்கோலைச் சுமந்து வந்து பரப்பினார். நான் பூவரசந்தழை ஒடித்து வந்து போட்டேன். பிறகு ஒரு கிழட்டு ஆடு படுத்தது, அதைப் பார்த்து மற்றவையும் படுத்தன. மற்ற இடத்துக்கு ஒரு ராத்திரி என்றால் அங்கே மூன்று ராத்திரி. "எந்த எடம் சொத்தையோ அங்கதானே கூடப் படுக்க வெப்போம். நல்ல எடத்துல போட்டுட்டு சொத்தையை விடறவன் வெள்ளாமைக்காரனா?" என்று சாமிதுரையிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

நீ அப்பாவைத் திட்டி எழுதுவாய். அதனால் சொல்லிவிடுகிறேன். வலைக்கு முளை அடித்தது நான். உன் கடிதத்தை மடித்து உள்ளே வைத்துவிட்டுப் போய்த்தான் அடித்தேன். பொங்கல் வரை அந்தத் துண்டு எதற்காகப் பட்டினி கிடக்க வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் அடித்தேன்.

மலர்க்கொடி


லைப்சிக்
15.7.1997

மலர்க்கொடி,

நீ என்ன செய்திருக்கிறாய் என்று உனக்கே தெரியும் என்கிறாய். தெரிந்திருந்தால் செய்திருக்க மாட்டாய். நீயும் பி.எஸ்ஸி. படித்தவள்தானே.

ஆட்டுப் புழுக்கையில் எவ்வளவு நைட்ரஜன், மூத்திரத்தில் எவ்வளவு, யாருக்குத் தெரியும்? அதோடு வைக்கோல் வேறு. வைக்கோலும் கரிமம்தான், மட்கும்போது இருக்கும் நைட்ரஜனை அது பிடித்துக்கொள்ளும். இனி அந்தத் துண்டைப் பற்றி நான் எதுவுமே சொல்ல முடியாது. பேராசிரியரிடம், எங்கள் வீட்டில் ஆடு படுக்க வைத்துவிட்டார்கள் என்று சொன்னேன். அவர் சிரித்தார். நீயும் அப்பாவும் உங்கள் வயலைப் பார்க்கிறீர்கள். நான் சொல்வது இது மாதிரிப் பாழான ஆயிரம் வயலுக்கு உதவும். அதைக் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

போனது போகட்டும். ஒரு வழி இருக்கிறது. இடுகாட்டு ஓரம் கொட்டினார்களே அந்த மேடு, அது வைத்தியலிங்கம் வயலின் மண். நம் வயலுக்கு அடுத்த மண், அதே எண்ணெய். உரமோ எருவோ அதைத் தொட்டிருக்காது. அதிலிருந்து அக்டோபரிலும் பொங்கலிலும் மண் எடுத்தால் ஓரளவு ஒப்பிடலாம். அதை அள்ளச் சொல்லி மனு கொடுத்ததாக எழுதியிருந்தாய். தெருவில் பேசிக் கொஞ்சம் நிறுத்தி வை. தை வரைதான். இத்தனை மாதம் இருந்த மேடு, இன்னும் சில மாதம் இருந்தால் யாருக்கு என்ன?

பதில் உடனே எழுது. எனக்கு நாள் அதிகமில்லை.

செழியன்


கீழமருதூர்
5.10.1997

அன்புள்ள அண்ணனுக்கு,

உடனே எழுத முடியவில்லை. தங்கம்மாள் அத்தை இறந்துவிட்டார். ஆவணி மழையில்தான் எடுத்தோம். குழி வெட்டினால் மண்வெட்டியில் கறுப்பாக வருகிறது. மேட்டிலிருந்து மழையோடு இறங்கிய எண்ணெய். தள்ளி வெட்டினார்கள், அங்கேயும் அப்படித்தான். மூன்றாவது குழியில் வைத்து மூடினோம். உன்னை மடியில் வைத்துத் தூங்க வைத்த அத்தை. யாருக்கு என்ன என்று கேட்டிருந்தாய்.

உன் கடிதத்தை இந்த முறை யாருக்கும் படித்துக் காட்டவில்லை. நலம் விசாரித்திருக்கிறான் என்று சொன்னேன்.

மனுவுக்கு யாரும் வரவில்லை. அத்தை காரியம் முடிந்ததும் தெருவில் கூடிப் பேசினோம். வழியை நான் சொன்னேன், அதாவது நீ சொன்னதைச் சொன்னேன். மழை விட்ட நாட்களாகப் பார்த்து மேட்டைச் சரித்து, இடுகாட்டை விட்டு விலக்கி, மேட்டுப்பாங்கான புறம்போக்கில் மெல்லிசாகப் பரப்பினோம். எண்ணெய் வழிந்து ஓடாமல் சுற்றி அணை போட்டோம். வீட்டுக்கு வீடு எருக்குழியைத் தோண்டிக் கூடை கூடையாகக் கொண்டுவந்து கொட்டினார்கள். யூரியா கொஞ்சம் கொஞ்சமாக. வாரம் ஒரு உழவு. டீசல் அறுப்பாள் என்று சிரித்தவர்கள்தான் முதலில் ஏர் பூட்டினார்கள்.

வைத்தியலிங்கம் புல்லட்டில் வந்து நின்று பார்த்தார். "என்ன மலரு, எண்ணெய்க்கு வைத்தியம் பாக்கறியாமே. நம்ம வயல்லயும் மிச்சம் கெடக்கு, வந்து பாக்கறியா?"

"ஒங்க மிச்சத்தைத்தாங்க பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றேன். வண்டியை உதைத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆகையால் அந்த மண்ணும் இனி உனக்குப் பயன்படாது. எந்த ஓரத்தையும் நாங்கள் விட்டுவைக்கவில்லை.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. நீ சொன்ன விஷயம் உண்மை, அதனால்தான் வயல் பிழைத்தது. ஆயிரம் வயலுக்கு உதவும் என்பதும் உண்மையாக இருக்கலாம். ஆனால் ஆயிரத்துக்காக ஒன்று காய வேண்டும் என்றால், அந்த ஒன்று எப்போதும் நம் தெருப் பக்கமே இருக்கிறது. ஆபீசருக்கும் அப்படித்தான் தோன்றியது. உனக்கும் அப்படித்தான் தோன்றியது. அங்கே யாரும் உன் தெருவைக் கேட்பதில்லை என்று எழுதினாய். எனக்குச் சந்தோஷம்தான். நீயும் மறந்துவிடாதே.

சம்பா நாற்று விட்டாயிற்று. கிழக்குத் துண்டிலும் நடப்போகிறோம். வருமா என்று தெரியாது.

மலர்க்கொடி


லைப்சிக்
12.1.1998

அன்புள்ள மலர்,

நீண்ட நாள் எழுதவில்லை. அத்தை செய்தி வருத்தமாக இருந்தது.

ஆய்வை மறுபடி சட்டி மண்ணிலேயே முடித்துவிட்டேன். ஜாய்ஸ் அக்கா கொண்டுவந்த மண்ணின் முடிவு கட்டுரையில் ஒரு சிறிய அட்டவணையாக மட்டும் நிற்கிறது. 'தென்னிந்திய நெல் வயல் ஒன்று' என்று போட்டிருக்கிறோம். இன்னும் இரண்டு வருஷம் இருக்க அனுமதி கிடைத்துவிட்டது.

கிழக்குத் துண்டில் விளைந்ததா? ஆய்வுக்காகக் கேட்கவில்லை. சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

அப்பா என்னைப் பற்றி ஏதாவது சொல்கிறாரா?

செழியன்


கீழமருதூர்
16.2.1998

அன்புள்ள அண்ணனுக்கு,

அறுப்பு முடிந்தது. மேற்குப் பக்கம், எண்ணெய் படுவதற்கு முந்தின வருஷத்து விளைச்சலுக்குப் பக்கத்தில் கண்டது. கிழக்குத் துண்டில் நடுவே இரண்டு இடம் மஞ்சளாகவே நின்று, மணி பிடிக்காமல் சாவியாகப் போனது. மற்றது பரவாயில்லை, பாதி என்று சொல்லலாம். வைத்தியலிங்கத்தின் ஆள் மறுபடி வரவில்லை. அப்பா அவர் களத்துக்குப் போகவில்லை. நம் களத்தில் அவரே தூற்றினார்.

ஹாஜா மைதீன் பாய் கடையில் என்னை வேலைக்கு வைத்துக்கொண்டிருக்கிறார். எந்த மண்ணுக்கு எது என்று வருகிறவர்கள் என்னைத்தான் கேட்கிறார்கள். பி.எட். விண்ணப்பம் போட்டிருக்கிறேன். அதற்கு நீ ஒன்றும் அனுப்ப வேண்டாம்.

உன்னைப் பற்றி அப்பா பேசுவதில்லை. ஆனால் கிழக்குத் துண்டு நெல்லைத் தனியாக அடிக்கச் சொன்னார், தனியாக அவித்துக் காயவைக்கச் சொன்னார். ஏன் என்று கேட்டதற்கு, "அவன் பங்கு" என்றார். மறுபடி லீவில் வந்திருக்கும் ஜாய்ஸ் அக்காவிடம் அந்த அரிசியைக் கொடுத்துவிட்டிருக்கிறேன், அதே மாதிரிப் பால்பவுடர் டப்பாவில். இந்த முறை சீட்டு ஒட்டவில்லை.

சமைத்துச் சாப்பிடுவாயோ, சோதித்துப் பார்ப்பாயோ, உன் இஷ்டம். நாங்கள் சாப்பிட ஆரம்பித்துவிட்டோம்.

மலர்க்கொடி